ஹெலிகாப்டரில் இறங்கி, தேவைப்பட்டால் காலால் திரும்ப: அமெரிக்க மலைக்காட்டுப் பொது நிலங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மூன்று நாள் நடந்தால்தான் எட்டக்கூடிய பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர் இருபது நிமிடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். நடந்து போகிறவருக்கு அந்த மூன்று நாளில் ஆற்றின் வேகம், பனியின் இறுக்கம், மாலை மேகம் எந்தப் பக்கம் கூடுகிறது என்பதெல்லாம் பழகிவிடும். உடம்பும் உயரத்துக்குப் பழகும். ஹெலிகாப்டரில் போகிறவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். நடந்து வெளியே வரும் வழியை முதலில் பாருங்கள், பிறகு இறங்கும் இடம், கடைசியாக ஹெலிகாப்டர். பலரும் முதல் வேலையாக ஹெலிகாப்டர் நிறுவனத்துக்குப் போன் செய்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படி 1: நிலம் யாருடையது, அங்கே இறங்கலாமா

அமெரிக்காவில் ஃபெடரல் அரசின் கையில் சுமார் 64 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் 24.5 கோடி ஏக்கர் பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மை அமைப்பிடமும், 19.3 கோடி ஏக்கர் வனத்துறையிடமும் இருக்கின்றன. மீதியில் பெரும்பகுதி தேசியப் பூங்காத் துறைக்கும் வனவிலங்குத் துறைக்கும் உரியது. எல்லாமே பொது நிலம்தான். ஆனால் ஹெலிகாப்டர் இறங்குவதற்கான விதி ஒவ்வொன்றிலும் வேறு.

முதலில் விலக்க வேண்டியது வைல்டர்னஸ், அதாவது மனிதத் தலையீடு இல்லாமல் இயற்கையாகவே விடப்பட வேண்டியவை என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகள். 1964-ஆம் ஆண்டின் வைல்டர்னஸ் சட்டம் அங்கே வானூர்தி இறங்குவதைத் தடை செய்கிறது. உயிர் காக்கும் அவசரத்துக்கும், சட்டத்துக்கு முன்பே புழக்கத்தில் இருந்த சில ஓடுபாதைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. இப்படிப்பட்ட பகுதிகள் இன்று 11 கோடி ஏக்கருக்கும் மேல். பாதிக்கு மேல் அலாஸ்காவில். தேசியப் பூங்காக்களில், குறிப்பிட்டு ஒதுக்கப்பட்ட இடங்களைத் தவிர எங்கும் இறங்கக் கூடாது.

அலாஸ்காவில் ஒரு நுணுக்கம் பலரை ஏமாற்றும். 1980-இல் வந்த அலாஸ்கா நிலப் பாதுகாப்புச் சட்டம், அங்குள்ள பூங்காக்களிலும் வனவிலங்குக் காப்பிடங்களிலும் சிறு விமானங்கள் இறங்க இடம் தருகிறது. ஹெலிகாப்டர் அந்தச் சலுகையில் சேராது. தனி அனுமதியோ ஒதுக்கப்பட்ட இடமோ வேண்டும். ஏரிக்கரையில் மிதவை விமானம் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஹெலிகாப்டரும் வரலாம் என்று முடிவுகட்டாதீர்கள். அலாஸ்கா மாநில அரசின் பொது நிலத்தில் நிலைமை எளிது. தரையைக் கெடுக்காமல் இறங்குவதற்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. மாநிலப் பூங்காக்களும் சிறப்புப் பகுதிகளும் இதில் அடங்காது.

வேட்டைக்குப் போகிறவர்கள் இதையும் படிக்க வேண்டும். அலாஸ்காவில் வேட்டைக்காரரையோ வேட்டைப் பொருளையோ வேட்டை இறைச்சியையோ ஹெலிகாப்டரில் ஏற்றுவதே குற்றம். மற்ற மாநிலங்களின் விதி வேறு வேறு. அந்தந்த மாநிலத்தின் அந்த ஆண்டு வேட்டை விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

மேற்கு மாநிலங்களில் ஹெலிகாப்டருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சுற்றிலும் தனியார் நிலம் சூழ்ந்து, சட்டப்படி நடந்து போக வழியே இல்லாத பொது நிலத் துண்டுகள் ஏராளம். தியோடர் ரூஸ்வெல்ட் கன்சர்வேஷன் பார்ட்னர்ஷிப் என்ற பாதுகாப்பு அமைப்பும் ஆனெக்ஸ் என்ற வரைபடச் செயலி நிறுவனமும் 2018-இல் கணக்கெடுத்தபோது, 13 மேற்கு மாநிலங்களில் இப்படி அடைபட்டுக் கிடக்கும் ஃபெடரல் நிலம் 95 லட்சம் ஏக்கர் என்று வந்தது. மொன்டானாவின் டர்ஃபி ஹில்ஸ் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். இது போன்ற பி.எல்.எம். நிலத்துக்கு வானத்தின் வழியே போய் இறங்கலாம். இறங்கிய பிறகு எல்லைக்குள்ளேயே நடந்து, எல்லைக்குள்ளேயே மீண்டும் ஹெலிகாப்டரில் ஏற வேண்டும். போன் செயலி காட்டும் எல்லைக்கோடு சில இடங்களில் பல மீட்டர் தள்ளி இருக்கும், ஜி.பி.எஸ். பிழை வேறு. வேலியோ எல்லைக்கல்லோ கண்ணில் படாத இடத்தில் கோட்டிலிருந்து 50 மீட்டராவது உள்ளே தள்ளி நடப்பது நல்லது.

பி.எல்.எம். நில உரிமை வரைபடங்களில் நிறம் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது: மஞ்சள் பி.எல்.எம்., பச்சை வனத்துறை, நீலம் மாநிலம், வெள்ளை தனியார். நிறத்தை நம்பி நின்றுவிடாமல் அந்தப் பகுதியின் கள அலுவலகத்துக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். நான் இறங்கும் இடத்தின் ஆயத்தொலைவு (அட்ச, தீர்க்க ரேகை எண்கள்) வைல்டர்னஸிலோ, வைல்டர்னஸ் ஆய்வுப் பகுதியிலோ வருகிறதா? வானூர்தி இறங்க மூடப்பட்ட பகுதியா? என்னைக் கொண்டுபோகும் நிறுவனத்துக்கு இங்கே வணிக அனுமதி இருக்கிறதா? மூன்றாவதைக் கேட்க மறப்பவர்கள் அதிகம். பொது நிலத்தில் கட்டணத்துக்கு ஆளை இறக்கும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் அந்தத் துறையின் பொழுதுபோக்கு அல்லது சிறப்புப் பயன்பாட்டு அனுமதி தேவைப்படும்.

படி 2: வெளியேறும் வழி, பிறகு இறங்கும் இடம்

உங்களை ஏற்ற வேண்டிய நாளில் ஹெலிகாப்டர் திரும்பி வராமலே போகலாம். மேகம் நான்கு நாள் உட்கார்ந்துகொள்ளும், காட்டுத்தீ வந்தால் வான்பகுதியே மூடப்படும், இயந்திரம் பழுதாகும். இதில் எது நடந்தாலும் நடந்தே வெளியே வரமுடியுமா என்று பாருங்கள். வரமுடியாத இடம் என்றால், மீட்புப் படையை நம்பித்தான் அங்கே இறங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

நடை நேரத்துக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் சொன்ன கணக்கை அடிப்படையாக வையுங்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. அது பாதையில் நடக்கும் திடமான ஆளுக்கு. பாதை இல்லாத மலையில் 20 கிலோ சுமையோடு இதை இரண்டரையால் பெருக்குங்கள். 24 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் நைஸ்மித்படி ஆறே கால் மணி. உண்மையில் பதினாறு மணி, அதாவது இரண்டு நாள். ஆல்டர் புதர் அடர்ந்த சரிவில் இந்தக் கணக்கும் உடையும், மணிக்கு 500 மீட்டர் போனாலே பெரிது. அலாஸ்காவின் ஈரச் சரிவுகளில் ஆல்டரோடு டெவில்ஸ் கிளப் என்ற முட்செடியும் சேர்ந்துகொள்ளும். தோல் கையுறை இல்லாமல் பிடித்தால் முள் உள்ளங்கையில் முறிந்து தங்கிவிடும். செயற்கைக்கோள் படத்தில், மரங்கள் வளர்வது நின்றுபோகும் மரக்கோட்டுக்கு மேலே பிசிறில்லாத வெளிர்பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் புல்வெளியாக இருக்காது, ஆல்டராகத்தான் இருக்கும். அந்தப் பட்டையைச் சுற்றி முகட்டு வழியாகப் போக முடியுமா என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள்.

வெளியேறும் வழி உறுதியான பிறகு இறங்குமிடம். ஃபெடரல் தீயணைப்புப் பணியில் சிறு ஹெலிகாப்டருக்கு வைத்திருக்கும் அளவு நல்ல அளவுகோல்: ஹெலிகாப்டரின் சறுக்குக்கால் படும் இடம் 4.5 மீட்டருக்கு 4.5 மீட்டர் உறுதியான சமதளம், அதைச் சுற்றி 23 மீட்டர் விட்டத்துக்குத் தடையில்லாத வட்டம். முழங்கால் உயரப் புதர்கூட வால் சுழலிக்கு (வாலில் சுற்றும் சிறு விசிறிக்கு) ஆபத்து, அது தாழ்வாகத் தொங்குவது. பஞ்சுபோன்ற பாசித்தரையில் ஒரு கால் மட்டும் அமிழ்ந்தால் இயந்திரம் சாயும்.

ஆற்றோரச் சரளை மேடு விமானிகளுக்குப் பிடிக்கும். திறந்த இடம், எதிர்க்காற்றில் வரலாம், தாழ்வாகப் பறந்து வெளியேறலாம். ஆனால் இரவு மழையில் அதே மேடு தண்ணீருக்குள் போய்விடும், ஆகவே அங்கே இறங்கலாம், முகாம் போடக் கூடாது. முகட்டுச் சேணங்களில், அதாவது இரு சிகரங்களுக்கு இடையே தாழ்ந்த இடங்களில், காற்று சுழன்று கீழிறங்கும். பார்வைக்கு அழகான இடத்தை விமானி மறுத்தால் வாதாட வேண்டாம்.

திரும்ப ஹெலிகாப்டரில் ஏறும் இடத்தை இறங்கிய இடத்தைவிடத் தாழ்வாக வையுங்கள். மேகம் மலையின் மேல்பாதியைத்தான் முதலில் மூடும். 1,500 மீட்டரில் இறங்கி 900 மீட்டர் பள்ளத்தாக்கில் ஏறுகிறவருக்குப் பறக்கத் தோதான வானிலை கிடைக்கும் நேரம் கூடும். மாற்று ஏறுமிடம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

படி 3: நிறுவனமும் ஹெலிகாப்டரும்

கட்டணம் வாங்கி ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கும் நிறுவனத்துக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்கு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் பார்ட் 135 என்ற வணிகப் பறப்புச் சான்று இருக்க வேண்டும். செலவைப் பகிர்ந்துகொள்ளும் நண்பரின் நண்பர் என்று யாராவது வந்தால் தவிர்த்துவிடுங்கள். காப்பீடு இருக்காது, மலை அனுபவமும் பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது எடை. ராபின்சன் ஆர்44-இல் விமானியையும் சேர்த்து நான்கு இருக்கை, மொத்த எடை உச்சவரம்பு 1,134 கிலோ. நான்கு பேர் பையோடு என்பது தாளில் மட்டும்தான். மலை வேலைக்கு அதிகம் புழங்குவது ஏர்பஸ் எச்125 குடும்பம். 2005-இல் எவரெஸ்ட் உச்சியில் இறங்கியதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏஎஸ்350 பி3 தான். ஆனால் எந்த இயந்திரமும் வெப்பத்துக்கும் உயரத்துக்கும் கட்டுப்பட்டது.

உயரமும் வெப்பமும் கூடக் கூடக் காற்று மெலிந்து சுழலிக்குப் பிடிப்பு குறைகிறது. விமானிகள் இதை அடர்த்தி உயரம் என்று கணக்கிடுவார்கள். நீங்களும் போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் சீரான வெப்பம் 15 டிகிரி, ஒவ்வொரு 1,000 அடிக்கும் 2 டிகிரி குறையும். 10,000 அடியில் இருக்க வேண்டியது மைனஸ் 5. அன்று மதியம் அங்கே 25 டிகிரி என்றால் வித்தியாசம் 30. டிகிரிக்கு சுமார் 120 அடி வீதம் 3,600 அடி கூட்டுங்கள். ஹெலிகாப்டர் 13,600 அடியில் இருப்பதுபோல் திணறும். காலை ஏழு மணிக்கு 5 டிகிரி என்றால் அதே இடம் 11,200 அடிதான். ஆகவே அதிகாலைப் பறப்பைக் கேட்டு வாங்குங்கள். அதே ஆள், அதே பையைக் காலையில் ஒரே நடையில் ஏற்றலாம், மதியம் இரண்டு நடை ஆகும்.

எடையில் பொய் சொல்லாதீர்கள். பூட்ஸ், ஜாக்கெட், பாக்கெட்டில் உள்ளது எல்லாம் சேர்த்துத் தராசில் நின்ற எடையைச் சொல்லுங்கள். ஒரு மணி நேரப் பறப்புக்கு எச்125 வகைக்கு ஏறக்குறைய 140 முதல் 150 கிலோ எரிபொருள் வேண்டும். பகலில் பார்த்துப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு 20 நிமிட இருப்பும் சட்டப்படி கட்டாயம். நீங்கள் மறைத்த பத்து கிலோ, விமானியின் கணக்கில் எரிபொருளைத்தான் தின்னும்.

படி 4: எழுத்தில் போடும் ஒப்பந்தம்

ஆயத்தொலைவு வடிவம் ஒன்றே பெரிய ஆபத்து. விமானிகள் பெரும்பாலும் பாகையும் தசம நிமிடமுமாக எழுதுவார்கள், நடைச் செயலிகள் தசம பாகையில் காட்டும். 63.50 பாகை என்பது 63 பாகை 30 நிமிடம். அதை 63 பாகை 50 நிமிடம் என்று ஒருவர் படித்தால் இடம் 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளிப் போகும். வடிவத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள், இரு பக்கமும் வாசித்துக் காட்டுங்கள், வரைபடத்தின் படத்தையும் கூடவே அனுப்புங்கள்.

அதே தாளில் இருக்க வேண்டியவை: ஏறும் நாளும் நேரமும், அன்று வராவிட்டால் எத்தனை நாள் காத்திருப்பது, எந்த நேரத்துக்குப் பிறகு நீங்கள் நடக்கத் தொடங்குவீர்கள், எந்தத் தடத்தில். நடக்கத் தொடங்கிய ஆட்களை விமானி பழைய இடத்தில் தேடிக்கொண்டிருப்பதும், விமானி வந்துவிடுவார் என்று ஆட்கள் உணவு தீர்ந்தும் உட்கார்ந்திருப்பதும் இந்த ஒரு வரி இல்லாததால் வருவது. பிரதியை ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, எந்த மணிக்கு யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அது கவுன்டி ஷெரிஃப் எனப்படும் வட்டாரக் காவல் அதிகாரி, அலாஸ்காவில் மாநிலக் காவல்துறையான ட்ரூப்பர்கள்.

செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றும், குழுவுக்கு, செயற்கைக்கோள் வழியே அபாயச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரப் பீக்கன் ஒன்றும் வேண்டும். பீக்கனை அமெரிக்கக் கடல், வளிமண்டலத் துறையான என்.ஓ.ஏ.ஏ.விடம் பதிவு செய்வது கட்டாயம், இலவசம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவில் பயணக் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. ஹெலிகாப்டர் நிறுவனத்தின் பெயரையும் இறங்கும் இடத்தையும் அங்கே போடுங்கள். மீட்பு மையம் முதலில் பார்ப்பது அதைத்தான்.

படி 5: மூட்டை

உணவு திட்டமிட்ட நாளுக்கு மேல் இரண்டு நாள், அலாஸ்கா கரையோர மலைகளில் மூன்று நாள். தூக்க நினைக்கும் மொத்த எடையையும் நடந்து வெளியேறும்போது முதுகில் சுமக்க முடியுமா என்று பாருங்கள். ஹெலிகாப்டர்தானே என்று சேர்த்த மடக்கு நாற்காலியும் இரும்புச் சட்டியும் அப்போது விட்டுவர முடியாதவை ஆகிவிடும், பொது நிலத்தில் பொருளைப் போட்டுவிட்டு வருவது குற்றம்.

கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான கரடி ஸ்ப்ரேயைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். அது கேபினுக்குள் கசிந்தால் விமானியால் கண்ணைத் திறக்க முடியாது, பிறகு எல்லோருக்கும் ஆபத்து. காற்றுப் புகாத பெட்டியில் வைத்து வெளிக்கூடையில் ஏற்றச் சொல்வார்கள். அடுப்புக்கான கேஸ் குப்பி, வெள்ளைப் பெட்ரோல் போன்றவற்றையும் எடுத்துப்போகலாமா என்று நிறுவனத்திடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாங்கும் ஸ்ப்ரே அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையான இ.பி.ஏ.வின் பதிவு பெற்றதாக, குறைந்தது 225 கிராம், 25 அடி பாயக்கூடியதாக இருக்கட்டும்.

நீளமான பொருளை எல்லாம் மடக்கிக் கட்டுங்கள். பையின் வெளியே தொங்கும் நுரை மெத்தை, காயப்போட்ட துண்டு, கழற்றக்கூடிய தொப்பி எதுவும் வேண்டாம்.

படி 6: ஏறுதலும் இறங்குதலும்

விமானி கண்ணைப் பார்த்துக் கையசைக்கும் வரை நகராதீர்கள். முன்பக்கமாக, விமானியின் பார்வைக்குள், குனிந்து நெருங்குங்கள். வால் பக்கம் எக்காரணத்துக்கும் போகக் கூடாது. வால் சுழலி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. சரிவில் நிற்கும் ஹெலிகாப்டரைக் கீழ்ப்பக்கத்திலிருந்து மட்டும் அணுகுங்கள். மேல்பக்கத்தில் தரைக்கும் சுழலி நுனிக்கும் இடைவெளி தலை உயரம்கூட இருக்காது. எஞ்சின் நிற்கும்போது சுழலியின் வேகம் குறையக் குறைய, பலத்த காற்றில் அதன் நுனி இன்னும் தாழும். ஆகவே மெதுவாகச் சுற்றுகிறதே என்று எழுந்து நடக்காதீர்கள். நடைக்கோல்களை இடுப்புக்குக் கீழே கிடைமட்டமாகப் பிடியுங்கள்.

இறங்கியதும் பைகளை விமானி காட்டும் இடத்தில் ஒரே குவியலாகப் போட்டு, அதன் மேல் மண்டியிட்டு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் குனிந்திருங்கள். ஹெலிகாப்டர் கிளம்பும்போது வரும் காற்று மண்ணையும் பனித்தூளையும் அள்ளி வீசும். அது கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: செய்திக் கருவி, கூடாரம், உணவுப் பை, ஸ்ப்ரே. விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்த பிறகே விமானிக்குக் கட்டைவிரல் காட்டுங்கள். கூடாரக் கம்பிகள் வெளிக்கூடையிலேயே தங்கிப்போவது எளிதில் நடக்கக்கூடியது.

படி 7: முதல் இரவு

கடல் மட்டத்திலிருந்து வருகிறவர்கள் கொலராடோவிலோ, கலிஃபோர்னியாவின் சியரா மலைகளிலோ நேரே 3,300 மீட்டரில் இறங்கி அங்கேயே தூங்கக் கூடாது. ஒரே நாளில் 2,750 மீட்டருக்கு மேல் போய்த் தூங்குவதைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. முதல் இரண்டு இரவை இடைப்பட்ட உயரத்தில் இருக்கும் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் கழியுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டர் வீதம் மட்டும் கூட்டுங்கள். தலைவலியோடு குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அன்றிரவே கீழே இறங்க வேண்டும். அசெட்டசோலமைட் மாத்திரை தடுப்புக்கு உதவும், புறப்படும் முன் மருத்துவரிடம் பேசி வாங்குங்கள்.

படி 8: நடை

பனியாறு உருகி வரும் ஆறு விடியற்காலையில்தான் குறைவாக ஓடும், மாலையில் இரு மடங்காகும். பல கிளைகளாகப் பிரிந்து அகலமாக ஓடும் இடத்தில் கடங்கள். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, கோலை ஊன்றிப் பக்கவாட்டில் நகருங்கள். வேகமான நீர் முழங்காலுக்கு மேல் ஏறினால் திரும்பிவிடுங்கள். தண்ணீருக்கு அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால் கால் வைக்கவே வேண்டாம்.

பனி படிந்த சரிவு 30 முதல் 45 டிகிரி வரை என்றால் பனிச்சரிவு விழும் எல்லைக்குள் இருக்கிறது. கோடையில் ராக்கி மலைகளில் இடி பிற்பகலில் வரும். நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும்.

கரடி நாட்டில் சமையலும் உணவுப் பெட்டியும் கூடாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி, காற்று போகும் திசையில். தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி முகாம். மலக்குழியும் அதே தூரத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம். மண்ணே இல்லாத உயர்மலையில் குழி பயன்படாது, பையில் கட்டித் திரும்ப எடுத்துவர வேண்டும். மரமில்லாத குளிர்நிலமான டுண்ட்ராவில் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பரவி நடங்கள். ஒரே தடத்தில் ஐந்து பேர் மிதித்த பாசி பல ஆண்டு ஆறாது. டால் ஆடுகளும் மலையாடுகளும் குட்டி போடும் மே, ஜூனில் அவற்றின் பாறைப் பக்கம் இறங்கவோ தாழப் பறக்கவோ வேண்டாம் என்று விமானியிடம் நீங்களே சொல்லுங்கள். மிரண்டு ஓடும் குட்டி பாறையிலிருந்து விழுந்துவிடும்.

படி 9: ஏறும் நாள்

காலையில் செய்திக் கருவியில் நான்கு விவரம் அனுப்புங்கள்: மேகத்தின் அடிப்பகுதி எந்த முகட்டைத் தொடுகிறது, பார்வை எத்தனை கிலோமீட்டர், காற்று எங்கிருந்து, மழை உண்டா. நன்றாக இருக்கிறது என்ற சொல்லால் விமானிக்குப் பயனில்லை.

ஹெலிகாப்டர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே கூடாரத்தை மடக்கிப் பைக்குள் அடைத்துவிடுங்கள். நிறுத்திவைத்த கூடாரம் சுழலிக்காற்றில் எழும்பி மேலே உறிஞ்சப்பட்டால் இயந்திரமே விழலாம். ஹெலிகாப்டர் இறங்கும் வட்டத்துக்குள் சுள்ளி, பிளாஸ்டிக், தளர்ந்த கல் ஏதும் இருந்தால் அகற்றுங்கள். வண்ண நாடாவைக் கோலில் கட்டி வட்டத்துக்கு வெளியே நட்டால் காற்றின் திசை விமானிக்குத் தெரியும். ஓரமாக, காற்றுக்கு முதுகு காட்டி, பைகளோடு ஒரே கூட்டமாக நில்லுங்கள்.

உங்களுக்கு உதவி தேவையில்லாதபோது வேறு ஹெலிகாப்டரோ விமானமோ மேலே சுற்றினால் இரு கையையும் தூக்கி ஆட்டாதீர்கள். இரு கையும் மேலே விரிந்து ஒய் வடிவில் இருந்தால் உதவி வேண்டும் என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் வேண்டாம். விவரம் தெரியாமல் உற்சாகமாகக் கையாட்டினால் எங்கேயோ உயிருக்குப் போராடுகிறவரைத் தேடும் விமானம் உங்கள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும்.

திரும்பி வந்ததும் வீட்டில் காத்திருப்பவருக்கு அன்றே தகவல் சொல்லி, அவரிடம் கொடுத்த தாளை ரத்து செய்துவிடுங்கள். இறங்கிய இடத்தின் நிலை, ஆற்றின் அளவு, கண்ட கரடித் தடம் ஆகியவற்றை நிறுவனத்துக்கும் கள அலுவலகத்துக்கும் நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். அடுத்து அங்கே போகிற குழுவுக்கு அந்த வாரத்துத் தகவல் வேறு எங்கும் கிடைக்காது.